தமிழ் தெரியாத வின்சன்ற்

"லாக் போடணும்னு சொல்லுடி!"

போனின் மறுமுனையில் யாரோ கிசுகிசுத்தது டக்ளஸின் காதில் தெளிவாக விழுந்தது. ஜலதோஷம் பிடித்த பெண்குரல்.

நடந்துகொண்டிருந்தது போன் இன்டர்வியூ. வேலைக்கு விண்ணப்பித்திருந்தவள் பத்மப்ரியா. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். முடித்தவள். டக்ளஸ் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி இதுதான்: ஒரே ரயில் சீட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் புக் செய்தால், இருவருக்கும் போய்விடாமல் உங்கள் புரோகிராம் எப்படித் தடுக்கும்?

"பயமா இருக்குடி மல்லி, வாயே வரமாட்டேங்குது."

"உன் புராஜெக்ட்ல நீயே எழுதினதுதானேடி! ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் அடுத்தவரை நிறுத்தி வைக்கணும். சொல்லு."

பத்மப்ரியா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மிக நல்ல பதில்" என்றான் டக்ளஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

டக்ளஸ் வின்சன்ற் என்பது மன்னாரிலிருந்து அகதியாக வந்த பெற்றோர் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அவன் பிறந்து வளர்ந்தது பீலெஃபெல்டில். ஆங்கிலம் பேசினாலும் ஜெர்மன்காரன் பேசுகிற மாதிரிதான் இருக்கும். போனில் அவனைத் தமிழன் என்று இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. இந்தப் பெண்கள் மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

எவ்வளவு தூரம்தான் போகிறார்கள், பார்த்துவிடுவோம். அடுத்த கேள்வியைப் போட்டான். அதற்கும் மல்லி எடுத்துக்கொடுத்தாள். அதற்கடுத்ததற்கும். ஒவ்வொரு பதிலுக்கும் "அருமை" என்றான். கடைசியில் நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

மதியச் சாப்பாட்டின்போது ஆள் எடுக்கும் பிரிவின் யூலியாவிடம் சிரித்துச் சிரித்துக் கதையைச் சொன்னான்.

"காலையில் பேசிய பெண் வேண்டாம். கெட்டிக்காரத்தனம் இல்லாவிட்டால் சொல்லிக் கொடுக்கலாம். நேர்மை இல்லாதவருக்கு என்ன செய்வது?"

"சரி, சாப்பிட்டதும் அவளுக்கு மெயில் அனுப்பிவிடுகிறேன்" என்றாள் யூலியா.

பிற்பகலில் அதே வேலைக்கு இன்னொருத்தி. அவளும் டார்ம்ஸ்டாட்.

"ஹலோ மிஸ்டர் வின்சன்ற், நான் மல்லிகா பேசுகிறேன்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தும்மினாள்.

டக்ளஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதே குரல்!

வேண்டுமென்றே அதே ரயில் சீட்டுக் கேள்வியைக் கேட்டான்.

"மன்னிக்கவும், எனக்குத் தெரியாது" என்றாள்.

அடுத்த கேள்வி. "தெரியாது."

அதற்கடுத்தது. "படித்ததில்லை."

காலையில் பக்கத்தில் இருந்தவளுக்கு மளமளவென்று சொல்லிக்கொடுத்த அதே விடைகள்! டக்ளஸுக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, தெரிஞ்சதை ஏன் தெரியாது எண்டு சொல்லுறீங்கள்?"

"சார்... நீங்க தமிழா?"

"ஓம். காலமை சொல்லிக் குடுத்ததும் நீங்கள்தானே? விடையெல்லாம் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. இப்ப என்ன நாடகம்?"

"இருக்கிறது ஒரே வேலை சார்." அவள் குரல் தழைந்தது. "அடுத்த மாசத்தோட அவ விசா முடியுது. வேலை கிடைக்கலைன்னா ஊருக்குக் கிளம்பணும். எனக்கு இன்னும் டைம் இருக்கு. இந்த இன்டர்வியூவுக்கு வரலைன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடும். அதான் வந்து கோட்டை விட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். அவ என்னை விட நல்லா கோட் எழுதுவா. போன்ல பேசச் சொன்னாத்தான் நடுங்கிடுவா."

டக்ளஸ் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தான். யூலியா சாப்பிட்டு முடித்து வெகுநேரமாகியிருந்தது.

"ஒரு நிமிசம் பொறுங்கோ" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, அங்கே ஒரு கதவு திறக்கும் சத்தம்.

"மல்லி..." பத்மப்ரியாவின் குரல். "மெயில் வந்துடுச்சுடி. வேண்டாம்னுட்டாங்க. 'நேர்மை குறித்து ஐயம்'னு போட்டிருக்கு."

விசும்பல் கேட்டது. பிறகு அதே கதவு மூடியது.

"அது நான் போய்க் கதைச்சு..." என்று ஆரம்பித்தான் டக்ளஸ்.

மல்லிகா மெதுவாகக் கேட்டாள்: "காலையில நாங்க பேசினது எல்லாமே உங்களுக்குப் புரிஞ்சுதா சார்?"

"விளங்கினது."

"அவ பயப்படறான்னு சொன்னதும்?"

"...ஓம்."

"முதல் கேள்வியிலேயே 'எனக்கும் தமிழ் தெரியும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் எழுந்து வெளியே போயிருப்பேனே சார். நம்ம ஆளுன்னு தெரிஞ்சா அவளுக்கும் பயம் விட்டிருக்கும், மீதியை அவளே சொல்லியிருப்பா. நீங்களோ 'அருமை, அருமை'ன்னீங்க."

மல்லிகா மூக்கை உறிஞ்சினாள்.

"நாங்க ஏமாத்தினது ஒரு வேலைக்காக சார். நீங்க எதுக்காக?"