பழுப்பிக்கு வந்த வேலை

தாய் வயிற்றில் இருந்த ஓர் ஆட்டுக்குட்டிக்குள், சிறுநீரகத்தை ஒட்டி, பழுப்பி என்றொரு பழுப்புக் கொழுப்புச் செல் சும்மா உட்கார்ந்திருந்தாள். பின்னங்கால் தசையான முறுக்கனோ எந்நேரமும் உதைத்து விளையாடுவான்.

"நான் உதைக்கிறேன். நீ எதுக்கு இருக்க?" என்று கேட்பான்.

"தெரியலண்ணே," என்பாள் பழுப்பி. இவ்வளவு கொழுப்பு தனக்கு எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஒரு மழைநாள் காலையில் குட்டி ஈர உடம்போடு சேற்றில் வந்து விழுந்தது. குளிரில் முறுக்கன் விறைத்துப்போனான்.

"என்னால எழுப்ப முடியல பழுப்பி. பால் குடிக்காட்டி குட்டி பிழைக்காது," என்று முனகினான்.

அப்போது மூளையிலிருந்து பழுப்பிக்கு முதன்முதலாக ஒரு சேதி வந்தது: "எரி."

அவள் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்கினாள். சுற்றியிருந்த அக்கா தங்கைகளும் எரித்தார்கள். பக்கத்தில் ஓடிய ரத்தம் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு கால்வரை போனது. முறுக்கன் மெல்ல இளகினான். குட்டி தள்ளாடி எழுந்து தாயின் மடிக்காம்பைக் கவ்வியது.

"பார்த்தியா, நிக்க வச்சுட்டேன்," என்றான் முறுக்கன். "வெயில் வந்துடுச்சு போல. இதமா இருக்கு."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பழுப்பிக்குச் சிரிப்பு வந்தது.

"ஆமாண்ணே, நல்ல வெயில்," என்று சொல்லிவிட்டு அடுத்த கொழுப்புச் சொட்டை எரித்தாள்.