கம்ப்யூட்டர் சண்டை

"கருமி! சாவும்போ எல்லாத்தையும் தலைக்கடியில வச்சிட்டா போவப்போறீங்க? ஒரு புது கம்ப்யூட்டர் வாங்க இவ்வளவு பாடா?"

ஜெபமலர் போட்ட சத்தத்தில், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த ஜிஜா வாசலிலேயே தயங்கி நின்றாள். பாறசாலையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள் அவள். காரோடு ஊரில் இந்த வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்கத்தான் அவளை வரச் சொல்லியிருந்தார்கள்.

"வா மக்கா, நீயே சொல்லு" என்றார் ஜெபமலரின் கணவர் சுந்தரன். "பழசெ நன்னாக்கினா போதாதா?"

"எத்தனெ தடவெ நன்னாக்குவீங்க?" என்று பாய்ந்தாள் ஜெபமலர். "ஒரு ஆளு வாறான், நன்னாக்குறான், போறான். ஞாயித்துக்கிழமெ வந்தா பின்னயும் இருட்டாக்கும். புதுசு வாங்கச் சொல்லு பிள்ளே. இவரு காசெ எடுக்கமாட்டாரு."

சுந்தரனைக் கருமி என்று சொல்ல ஊரில் வேறு யாருக்கும் நாக்கு வராது. சபையில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவர் தோட்டத்து ஏத்தன் வாழைக்குலைதான் முதலில் போகும், அதற்குக் காசு வாங்கமாட்டார். ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மனிதர் இரும்பாகிவிடுவார்.

விஷயம் இதுதான். மகன் டெனில் கனடாவில் இருக்கிறான். ஞாயிறு சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்குக் கம்ப்யூட்டரில் வந்து உட்காருவான், வேதபாகம் வாசிப்பது அவன் பொறுப்பு. சர்க்கரை வியாதியில் கண் மங்கிப்போன ஜெபமலருக்குப் போனில் முகம் தெரியாது. பெரிய திரை என்றால் அவன் சிரிப்பதாவது தெரியும். ஈஸ்டருக்குப் பிறகு அந்தச் சிரிப்பையும் அவள் பார்க்கவில்லை.

"நான் தோட்டத்துல நிக்கும்போ டெனில் போனுல விளிச்சான். உன்னெ விசாரிச்சான்" என்று சுந்தரன் அவ்வப்போது வந்து சொல்வார். முதலில் எல்லாம், "போனெ இஞ்ச தாருங்க, நானும் ரெண்டு வார்த்தெ பேசுறேன்" என்று துடித்தவள், இப்போது அப்படிக் கேட்பதில்லை. கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

ஜெபமலர் டீ போட அடுக்களைக்குப் போனாள். ஜிஜா கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைத்து ஸ்குரூவைக் கழற்றினாள்.

"மாமா, உள்ளதெச் சொல்லட்டா? இதுல புது விண்டோஸ் ஏறாது. ஹார்டு டிஸ்க்க மாத்தினா கொஞ்ச நாளு ஓடும். அந்தப் பைசாவெ புதுசுல போடுறதாக்கும் லாபம்."

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தவள் கையை நிறுத்தினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். ராம் என்கிற மெமரித் தகடு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் உயிர் பெறாது. போன தடவை வந்தவன் திருடிக்கொண்டு போய்விட்டானோ என்று, கத்திச் சொல்ல வாயெடுத்தாள்.

சுந்தரன் அவசரமாக உதட்டில் விரலை வைத்தார். சட்டைப்பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகட்டை எடுத்து நீட்டினார்.

"நானாக்கும் கழட்டினது. அந்த ஆளு இதெக் கழட்டி ரப்பர் வச்சுத் தேச்சப்ப பாத்துப் படிச்சேன்."

"எதுக்கு மாமா?"

அவர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஈஸ்டருக்கு டெனில் கல்யாணம் கெட்டப்போற பிள்ளையெ இஞ்ச கூட்டிட்டு வந்தான். இவ பேசக்கூடாததெல்லாம் பேசிட்டா. அந்தப் பிள்ளெ அழுதோண்டு இறங்கிப் போச்சு. இனி அம்மைக்க முகத்துல முழிக்கமாட்டேன்ணு சொல்லிட்டான் மக்கா. எனக்கிட்ட மட்டும் பேசுவான். அவனுக்குக் கோவமெல்லாம் தீர்ந்துபோச்சுண்ணு நான் இவகிட்ட பொய் சொல்லி வச்சிருக்கேன். கம்ப்யூட்டர் நன்னாயிட்டா, அவன் வராததுக்கு நான் என்ன காரணம் சொல்லுவேன்?"

ஜிஜா மூடியை மாட்டி ஸ்குரூவை முடுக்கினாள்.

ஜெபமலர் டீயோடு வந்தாள். "என்ன பிள்ளே, புதுசுதானே?"

"வேண்டாம் மாமி. இதெயே நன்னாக்கிக்கிடலாம். ஒரு பார்ட்டு கிட்டணும். அது இப்ப கெடைக்கது பாடு."

சுந்தரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நீயும் இவருக்கக் கருமித்தனத்துக்குக் கூட்டா? எனக்க விதி!" என்று ஜெபமலர் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு சுந்தரன் மறுபேச்சில்லாமல் தோட்டத்துக்குப் போனார்.

ஜெபமலர் சுவரைத் தடவிக்கொண்டு கேட் வரைக்கும் கூடவே வந்தாள். ஜிஜாவுக்கு மனசு கேட்கவில்லை.

"விஷமிக்காதீங்க மாமி, சங்கடப்படாதீங்க. சீக்கிரம் நன்னாக்கித் தாறேன்."

"நன்னாக்காண்டாம் மக்கா."

ஜிஜா புரியாமல் பார்த்தாள். வரும்போது வாசலில் கேட்ட சத்தம் இப்போது அந்தக் குரலில் இல்லை.

"போன மாசம் அவரு குளிக்கப் போனப்ப போனு அடிச்சு. நானே எடுத்தேன். 'அப்பா, அம்மெ பக்கத்துல இல்லியே?'ண்ணு கேட்டான். எனக்கப் பிள்ளையாக்கும். ஒண்ணும் பேசாம வச்சிட்டேன்."

"பின்னெ எதுக்கு மாமி புதுசு வேணும்ணு இந்தச் சண்டெ?"

ஜெபமலர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சண்டையெ நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணு அவரு ஒடைஞ்சு போவாரு மக்கா."