பெருவிரலுக்கு ஓர் ஓட்டை

என் பந்து ஏன் லெக் சைடிலேயே போகிறது என்று கண்டுபிடிக்க, கோச் சத்தியசீலன் ஸ்டம்புக்குப் பின்னால் கேமரா வைத்தார். அது என் முழங்காலுக்கு மேலே மட்டும்தான் பார்த்தது. அவரும் அப்படித்தான். முதலில் தோளைத் திருத்தினார். பிறகு மணிக்கட்டை. பிறகு நான் மூச்சு விடுவதை. வேகம் குறைந்ததுதான் மிச்சம்.

வேகப்பந்து வீசுகிற நாங்கள் ஷூவின் முனையில் பெருவிரலுக்கு ஓட்டை போட்டுக்கொள்வோம். பந்தை விடும்போது உடம்பு மொத்தமும் இடது காலில் இறங்கும். ஓட்டை இல்லாவிட்டால் விரல் ஷூவில் மோதி மோதி நகம் கழன்றுவிடும். "கம்பெனி குடுத்த புது ஷூ. அதுல பிளேடு பட்டுச்சு, நீ டீம்ல இருக்க மாட்ட" என்று சொன்னதும் இதே சத்தியசீலன்தான். காலை ஊன்றவே பயந்தால் பந்து எங்கே நேராகப் போகும்?

இன்று நகம் கழன்றது. பிளேடை எடுத்து ஷூவை வெட்டினேன். அடுத்த பந்தில் நடு ஸ்டம்ப் பறந்தது.

"பாத்தியா ஜெசிந்தா! தோள நான் சரி பண்ணதும் பால் எப்படி வருது பாரு!"

நேராகப் போய்க் கேமராவை என் காலுக்குத் திருப்பினேன். "இதையும் ஸ்லோ மோஷன்ல போட்டுப் பாருங்க சார்."

திரையில், ஓட்டை வழியாக, விரல் ரத்தமாகத் தெரிந்தது. அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"ஷூவ யாரக் கேட்டு வெட்டுன?"

பந்தை எடுத்துக்கொண்டு, ஓடத் தொடங்கும் இடத்துக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் ஸ்டம்புக்கு நேர் பின்னால், கேமராவில்தான் குனிந்து நின்றிருந்தார். ஓட ஆரம்பித்தேன். இந்த முறை நான் குறி வைத்தது ஸ்டம்புக்கு அல்ல.