குழி மொச்சைக்காரர்

எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பொடிப்பெண் மட்டும் லின்வுட்டைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

லின்வுட் அப்போது ஏப்ரனுக்குள்ளிருந்து பன்னிரண்டாவது டின்னை எடுத்து இரும்புப் பானைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மொச்சை தொளக்கென்று விழுந்தது. நல்லவேளை, ஜெபத்தைச் சீக்கிரம் முடிக்கும் கெட்ட பழக்கம் பாதிரியாருக்குக் கிடையாது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சர்ச் விருந்து என்றால் குழி மொச்சைதான். பானையை மண்ணுக்குள் தணலில் புதைத்து, ராத்திரி முழுக்க வேகவிட வேண்டும். முப்பது வருஷமாக அந்த வேலை லின்வுட்டுடையது. டின் மொச்சையை நாய்க்குக்கூடப் போடக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் அவரேதான்.

நேற்று குழிக்குக் காவல் இருக்கிறேன் பேர்வழி என்று நாற்காலியில் சாய்ந்தவர், குறட்டை விட்டுவிட்டார். தணல் அவிந்துபோய், காலையில் தோண்டிப் பார்த்தால் மொச்சை வேகாமல் பானை நிறையக் கூழாங்கல்லாகக் கிடந்தது. பக்கத்து ஊர்க் கடைக்கு ஓடி டின் வாங்கி வந்தார். பதினொன்றைப் பின்கட்டில் கவிழ்த்தாயிற்று. கடைசி டின்னைத் திறந்த நேரம் பார்த்து ஆள் வந்துவிட்டதால், அது ஏப்ரனுக்குள் போனது.

"ஆமென்" என்றார் பாதிரியார். லின்வுட் காலி டின்னை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

எதிர்வரிசையில் அந்தப் பெண். ஜோலீனின் மகள் ஹேட்டி, எட்டு வயசு. ஒரு மாசமாக சர்ச் பக்கமே காணோம், வந்த அன்றைக்கே வேவு பார்க்கிறாள். வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் இமைக்காமல் அவரையே பார்த்தாளே.

இப்போது சிரிக்க வேறு செய்தாள். வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போனது. கள்ளச் சிரிப்பு என்று லின்வுட் முடிவு கட்டினார். அவர் பார்த்தவரை இந்த உலகத்தில் சும்மா சிரிக்கிறவர்கள் யாரும் கிடையாது.

அவள் தட்டை ஏந்திக்கொண்டு பானைக்கு வந்தாள்.

"உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார் அடிக்குரலில்.

"மொச்சைதான். கொஞ்சமா போடுங்க தாத்தா."

அதையும் வாயின் ஒரு ஓரத்தால்தான் சொன்னாள், கள்ளச்சரக்கு விற்கிறவன் மாதிரி.

"கொஞ்சம் எதுக்கு? இந்தா, பானையில கிடக்கிற கறித்துண்டு மூணும் உனக்கே. நாம ரெண்டு பேரும் சிநேகிதம், சரியா?"

"எதுக்கு?"

எதுக்காம். எட்டு வயசிலேயே பேரம் பேசத் தெரிகிறது. லின்வுட் இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டார். அவள் தட்டு நிறைந்து வழிய நடந்துபோனாள்.

பக்கத்தில் டெல்மான்ட் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான். ஐம்பது வருஷச் சிநேகிதன், வாய் மட்டும் சரியில்லாதவன்.

"என்னப்பா, இந்த வருஷம் பூ மாதிரி வெந்திருக்கு. போன வருஷம் என் பல்லு ஒண்ணு போச்சு."

"பேசாம தின்னு."

"உள்ளதைச் சொல்றேன். முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் நீ சமைக்கக் கத்துக்கிட்டே."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாராட்டுகிறார்கள், அதுவும் டின்காரனுக்குப் போகவேண்டியது.

சாப்பாடு முடிந்ததும் பாதிரியார் எழுந்தார். அவர் கையில் ஒரு புது இரும்புக் கரண்டி, பிடியில் லின்வுட்டின் பெயர்.

"முப்பது வருஷம். ஒரு தடவைகூட நம்மை ஏமாத்தாத மனுஷர். கரண்டியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி யாராவது ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?"

ஹேட்டி கையைத் தூக்கினாள்.

லின்வுட் மேஜைக்கடியில் கிடந்த காலி டின்னைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார். ஜோலீன் மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "பயப்படாம சொல்லு கண்ணு. எல்லார்கிட்டயும் ஒரே தடவையா சொல்லிட்டா முடிஞ்சது."

அம்மாவுக்கும் தெரியும். ஆக, கறித்துண்டு மூன்றும் தண்டம்.

"நான் உங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள் ஹேட்டி.

"நீ சொல்ல வேண்டாம்" என்று லின்வுட் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "நானே சொல்லித் தொலைக்கிறேன். டின் மொச்சை. பன்னிரண்டு டின். குழிப் பக்கத்துல தூங்கிட்டேன். கடைசி டின்னை ஜெபம் நடக்கிறப்போ கவுத்தேன், இவ பார்த்துட்டா."

டெல்மான்ட் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான். பாதிரியார் புதுக் கரண்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நீ சொல்ல வந்ததும் இதானாம்மா?" என்று கேட்டார்.

ஹேட்டி இல்லையென்று தலையாட்டினாள்.

"என்னை உண்ணி கடிச்சுடுச்சு. அதுல மூஞ்சியில இந்தப் பக்கத்து நரம்பு அசையாமப் போயிடுச்சு. சிரிப்பு, பேச்சு எல்லாம் ஒரு பக்கமாத்தான் வருது. ஸ்கூல்ல நான் அழகு காட்டுறேன்னு அடிக்க வந்தாங்க. நான் யாரையும் கேலி பண்ணலை. மருந்து சாப்பிட்டா சரியாப் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் யாரும் கோவிச்சுக்காதீங்க."

மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள். ஜோலீன் அவள் தலையில் முத்தமிட்டாள்.

லின்வுட் அவள் பக்கம் குனிந்தார். "அப்போ ஜெபத்துல என்னைப் பார்த்துக் கண்ணடிச்சியே?"

"நான் ரெண்டு கண்ணையும்தான் மூடினேன் தாத்தா. இந்தக் கண்ணு மூடாது."

"மூடாட்டி என்ன, பார்த்தேல்ல?"

"அதுல களிம்பு அப்பியிருக்கு தாத்தா, ஒண்ணுமே தெரியாது."