நாற்காலிக்குப் பின்னால்

முன்பதிவெல்லாம் கிடையாது, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம் என்பதால், சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் இந்தக் கடைத்தெரு உணவகத்தில் சாப்பிடுகிறவர்களின் நாற்காலி முதுகையெல்லாம் பசித்தவர்களின் கைகள் பிடித்திருக்கின்றன. ஒரு மேசையில் வயதான தம்பதி; எதிர்க்கடை விளம்பர வெளிச்சம் கணவரின் வழுக்கையில் சிவப்பும் நீலமுமாக விழுகிறது. மனைவி சூப்பை ஊதி ஊதி அவருக்கு ஊட்டுகிறாள். பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை, வெளியே போய்ச் சாப்பிடுவது. ஒரு வாய் உள்ளே இறங்க நேரம் பிடிக்கிறது. அவருடைய நாற்காலியைப் பிடித்தபடி கை நிறையப் பைகளோடு ஒருத்தியும் அவள் புருஷனும் நிற்கிறார்கள். "இது எப்பங்க முடியும்? பாதி கிண்ணம் அப்படியே இருக்கு," என்கிறாள் அவள். "வீட்டுலயே கரைச்சு ஊத்திட்டுக் கூட்டிட்டு வந்திருக்கலாம்," என்கிறான் அவன். இருவரும் சிரிக்கிறார்கள். மனைவிக்குக் காது சுடுகிறது. கரண்டி வேகமெடுக்கிறது. அவருக்குப் புரையேறி, சூப் சட்டையில் வழிகிறது. "ஐயையோ, பையில பட்டுடப் போகுது!" என்று பின்னால் பதறுகிறாள் அவள். இருமல் அடங்கியதும், "நல்லாயிருக்குடி," என்று குழறிவிட்டு, அடுத்த கரண்டிக்காக வாயைத் திறந்து காத்திருக்கிறார் அவர். மனைவி கரண்டியைக் கீழே வைக்கிறாள். "போதும், எழுந்திருங்க," என்று சொல்லி, திறந்திருக்கும் அந்த வாயைக் காகிதத்தால் துடைத்து மூடுகிறாள்.