எடுக்காதே

பதினோராவது தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. அம்மா எடுக்கவில்லை.

வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மகள் எடுத்துக் கொடுத்த மாத்திரையை, "இது இல்லம்மா" என்று வாங்க வந்தவரே திருப்பி நீட்டினார்.

"அண்ணே, காலையிலேர்ந்து அம்மா போனே எடுக்கலை. போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

போன மாதம் பேங்க் என்று சொல்லி எவனோ பேச, அம்மா ரகசிய எண்ணைச் சொல்லிவிட இருந்தாள். அன்றைக்கே இவள் போன் எடுக்க மூன்று விதிகளைப் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். இன்று எவன் மிரட்டினானோ? அதிர்ச்சியில் விழுந்து கிடக்கிறாளோ?

பஸ்ஸிலும் நான்கு தடவை அடித்தாள். பதிலே இல்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "அம்மா! அம்மா!" இரண்டு கையாலும் தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு ஓடி வந்துவிட்டார்.

தாழ்ப்பாள் விலகியது. ஈரத் தலையோடு அம்மா நின்றாள்.

"குளிக்கக்கூட விடமாட்டியாடி?"

"உயிரே போயிடுச்சும்மா! ஏன் போனை எடுக்கலை?"

அம்மா போனை நீட்டினாள். திரையில், 'எடுக்காதே - 15 அழைப்புகள்'.

"அம்மா, இது என் நம்பர்!"

"தெரியும். மூணாவது விதியைப் படி."

ஃப்ரிட்ஜில் மகளின் கையெழுத்தேதான்: 'ஒரே நாளில் ஐந்து தடவைக்கு மேல் அடித்தால், யாராக இருந்தாலும், அந்த நம்பரை எடுக்காதே என்ற பெயரில் பதிந்துவிடு.'

"நேத்து மட்டும் ஒன்பது தடவை அடிச்சே" என்றாள் அம்மா. "'யாராவது போன் பண்ணாங்களாம்மா'ன்னு கேக்க!"