கறை படாத பஞ்சு

செடிகள் நட்ட மீன்தொட்டியின் வடிகட்டியிலிருந்து பழுப்பேறிய பழைய பஞ்சை எறிந்துவிட்டு, வெள்ளை வெளேரென்று புதுப் பஞ்சு வைத்தார்கள். மேலே பெரிய விளக்கும் வந்தது. தண்ணீர் பளிங்காய்த் தெரிந்தது. பொன்மீனுக்கோ மூச்சு முட்டியது. மேலே வந்து வாய் பிளந்தது.

“செடிகளே சிரிக்கின்றன, உனக்கு மட்டும் என்னம்மா கேடு?” என்றது விளக்கு.

மீன் புதுப் பஞ்சின் பக்கம் திரும்பியது. பஞ்சிடம் கேட்டது: “பழைய பஞ்சில் குடியிருந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த என் கழிவைத் தின்று தீர்க்குமே, தம்பி. உன்னிடம் அவை இல்லையா?”

“சீச்சீ! அதுகளையெல்லாம் அண்டவிடுவேனா? என்மேல் ஒரு கறை காட்டுங்கள், பார்ப்போம்!”

மீன் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கறையே இல்லை. இவ்வளவு சுத்தத்தில் அழுக்கு தன் மூச்சுதான் போலும் என்று வெட்கி, அதையும் அடக்கிக்கொண்டது.